வருகிறவரிடம் எதுவும் கேட்கக் கூடாது

மான்செஸ்டர் மத்திய நூலகத்தின் வாசிப்பு மண்டபத்தில் ஒருவர் நாற்காலியை நகர்த்தினால், அந்த ஓசை குவிமாடத்தில் ஏறிச் சுற்றி வந்து, நகர்த்தியவர் காதிலேயே மீண்டும் விழுகிறது. அங்கு முதன்முதலாகப் போன அன்று என் குடையைத் தரையில் வைத்தேன். அந்தச் சிறு தட்டலே மண்டபம் முழுவதும் கேட்டுவிட்டது. பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மழை நாட்களில் அங்கே வந்து உட்காருகிறவர்களுக்கு அந்த எதிரொலி பழகிப்போன ஒன்று என்பது பிறகுதான் விளங்கியது.

கோவை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் நூலகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப்புற நூலகத்தில் தொடங்கிக் கிளை நூலகத்தில் முடித்தேன். மகள் வேலை நிமித்தமாக மான்செஸ்டரில் குடியேறிய பிறகு, பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆறு மாதம் அங்கே தங்கியிருந்தேன். கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவள் ஆதலால், அசல் மான்செஸ்டர் என்றாலே எனக்குள் ஆலைச் சங்கும் புகைபோக்கியும்தான் தோன்றும். போய்ப் பார்த்தபோது, ஆலைகளில் ஈட்டிய பணமும் அதற்கு முன் துணி வணிகத்தில் ஈட்டிய பணமும் அந்த ஊரில் நூலகங்களாக நிற்கின்றன என்பதே என்னை முழுவதுமாக ஆட்கொண்டது. பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு, மாலை வரை ஒவ்வொரு கட்டடமாகப் போய் வந்தேன். நூலகரின் கண்ணுக்கு முதலில் படுவது கட்டடக் கலை அன்று. உள்ளே யாரை விட்டார்கள், செலவை யார் ஏற்றார்கள் என்ற இரண்டையும்தான் அது தேடும்.

மத்திய நூலகம் வட்ட வடிவமானது. ரோமாபுரியின் பாந்தியன் என்ற பழங்கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு வின்சென்ட் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. 1930இல் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அடிக்கல் நாட்டினார். 1934 ஜூலை 17 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். வெள்ளை போர்ட்லாண்ட் கல்லில் எழுந்த தூண்களைக் கடந்து உள்ளே போய், மாடியேறினால் அந்த வாசிப்பு மண்டபம். குவிமாடத்தின் அடிவிளிம்பைச் சுற்றி விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து எடுத்த வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'ஞானமே முக்கியம்' என்று தொடங்கும் பகுதி அது. முழுவதையும் படிக்க வேண்டுமானால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நான் சுற்றினேன்.

2010இல் மூடி, நான்காண்டுகள் பழுதுபார்த்து, 2014 மார்ச்சில் மீண்டும் திறந்திருக்கிறார்கள். முன்பு இந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி நூல் அடுக்குகளாகவே இருந்தது. பொதுமக்கள் அங்கே நுழைய முடியாது. இப்போது பெரும்பகுதியில் யாரும் நடமாடலாம். இசைப் பிரிவில் பியானோ வாசித்துப் பழகிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைப் பார்த்தபோது, 'நூலகத்தில் அமைதி காக்கவும்' என்று எத்தனை அட்டைகளில் என் கையால் எழுதித் தொங்கவிட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்தக் கட்டடத்தின் உண்மையான தொடக்கம் வேறிடத்தில் இருக்கிறது. 1850இல் வில்லியம் எவர்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் இங்கிலாந்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. பத்தாயிரத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள், வரி செலுத்துவோரிடம் வாக்கெடுப்பு நடத்தி, மூன்றில் இரு பங்கினர் சம்மதித்தால், சொத்து மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரி விதித்து நூலகம் அமைக்கலாம். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆட்களை அமர்த்தலாம். நூல் மட்டும் வாங்கக் கூடாது. நூல்களை யாராவது நன்கொடையாகக் கொடுப்பார்கள் என்பது சட்டம் இயற்றியவர்களின் எண்ணம். மான்செஸ்டரில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவாக 3,962 வாக்குகளும் எதிராக வெறும் 40 வாக்குகளும் விழுந்தன. மேயர் ஜான் பாட்டர் முன்னின்று நிதி திரட்டினார். ஆலைத் தொழிலாளர்களும் தங்களால் இயன்ற சிறு தொகைகளைச் சேர்த்துக் கொடுத்தனர். கேம்ப்ஃபீல்டு என்ற இடத்தில், ராபர்ட் ஓவன் என்ற சமூகச் சீர்திருத்தவாதியின் கொள்கைகளைப் பின்பற்றியவர்கள் அறிவியல் மன்றமாகக் கட்டியிருந்த கட்டடத்தை வாங்கி, 1852 செப்டம்பரில் நூலகத்தைத் திறந்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் வந்து பேசினார். அந்தச் சட்டத்தின் கீழ் யாருக்கும் கட்டணமின்றி நூல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய முதல் நூலகம் அதுதான்.

அதன் முதல் நூலகர் எட்வர்ட் எட்வர்ட்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். அவரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அவர் என் மனத்தை விட்டு அகலவில்லை. லண்டனில் 1812இல் பிறந்த அவர், இளமையில் செங்கல் கட்டும் கொத்தனார் வேலைக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர். தாமாகவே படித்து முன்னேறி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் பணியில் சேர்ந்தார். ஐரோப்பிய நாடுகளின் நகரங்களில் எத்தனை நூலகங்கள் மக்களுக்குத் திறந்திருக்கின்றன, இங்கிலாந்தில் எவ்வளவு குறைவு என்று புள்ளிவிவரங்களைத் திரட்டி, எவர்ட் தலைமையிலான நாடாளுமன்றக் குழுவின் முன் 1849இல் சாட்சியம் அளித்தவர் அவரே. சட்டம் உருவாகக் காரணமாக இருந்தவரே அந்தச் சட்டப்படி எழுந்த நூலகத்துக்கு நூலகராகவும் வந்தார். ஆனால் அவரை அமர்த்திய குழுவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1858இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1886இல் வைட் தீவிலுள்ள ஒரு சிற்றூரில் வறுமையில் இறந்தார். மேலிடத்தோடு ஒத்துப்போகாத நூலகர்களை என் பணிக்காலத்தில் நானும் பார்த்திருக்கிறேன். நல்ல நூல் எது, அதை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர்களாகத்தான் பெரும்பாலும் அவர்கள் இருந்தார்கள்.

அந்த அரைப் பென்னிக்கும் நமக்கும் நேரான உறவு ஒன்று உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924இல் அமர்த்தப்பட்டதும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். லண்டனில் நூலகவியல் படித்துக்கொண்டே, அந்நாட்டின் ஏராளமான நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தெருக்கோடியில் இருக்கும் கிளை நூலகத்தில் ஆலைத் தொழிலாளியும் இல்லத்தரசியும் சிறுபிள்ளையும் நூல் எடுத்துச் செல்வதைக் கண்டதுதான் கணக்குப் பேராசிரியராக இருந்த அவரை வாழ்நாள் முழுவதற்கும் நூலகராக மாற்றியது என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். ஊர் திரும்பியவர் ஓயவில்லை. இரு பத்தாண்டுகளுக்கும் மேலாக முயன்று, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறுவதற்குக் காரணமாக இருந்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதை நிறைவேற்றியவர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார், எங்கள் கொங்கு மண்ணின் மனிதர். சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரையணா, நூலக வரியாக வசூலிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. அங்கே அரைப் பென்னி, இங்கே அரையணா. என் 31 ஆண்டுச் சம்பளமும் அந்த வரியோடு பிணைந்த ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான். இன்றைக்கும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கிறவர்கள் அதில் 'நூலக வரி' என்ற ஒரு வரியைக் காணலாம். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே மடித்து வைத்துவிடுகிறார்கள்.

கேம்ப்ஃபீல்டு கட்டடத்தால் நூல்களின் எடையைத் தாங்க முடியவில்லை. 1877இல் நூலகம் கிங் தெருவிலிருந்த பழைய நகர மன்றத்துக்கு மாறியது. அதுவும் பாதுகாப்பற்றதாகிவிட, 1912இல் பிக்கடிலியில் தற்காலிகக் கொட்டகைகளுக்குப் போயிற்று. இந்த வட்டக் கட்டடம் எழும் வரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேதான் இருந்தது. கிங் தெருக் கட்டடத்தை இடித்தபோது அதன் முகப்புத் தூண்களை மட்டும் எடுத்துச் சென்று ஹீட்டன் பூங்காவின் ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். ஒரு ஞாயிறன்று பேத்தியோடு அங்கே போனேன். வீடும் கூரையும் இல்லாமல், வாத்துகள் நீந்தும் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி தூண்கள் மட்டும் நிற்கின்றன. “அம்மாயி, இதுக்கு உள்ள போற கதவு எங்க?” என்று கேட்டாள் அவள்.

மோஸ்லி தெருவிலுள்ள போர்ட்டிகோ நூலகத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அழகில் அதற்கு ஒரு குறையும் இல்லை. தாமஸ் ஹாரிசன் வரைந்து 1806இல் திறந்தது. ஆங்கிலத்தின் புகழ்பெற்ற ஒத்தசொல் களஞ்சியத்தைத் தொகுத்த பீட்டர் மார்க் ரோஜே அதன் முதல் செயலாளர். அணுக் கொள்கை வகுத்த ஜான் டால்டன் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்குக் கைம்மாறாகச் சந்தா இல்லாமல் உறுப்பினராக இருந்தார். ஆனால் அது பணம் கட்டியவர்களுக்காக அமைந்த நூலகம். மான்செஸ்டரின் ஆலைத் தொழிலாளர் வாழ்வைக் கதையாக எழுதிய எலிசபெத் காஸ்கெல், கணவர் வில்லியம் காஸ்கெல் உறுப்பினராக இருந்ததால்தான் அதன் நூல்களைப் பெற்றுப் படிக்க முடிந்தது. அந்தப் படிகளில் ஏறும்போது இந்த ஒன்றுதான் எனக்கு நினைவில் நின்றது.

டீன்ஸ்கேட் தெருவிலுள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் அதற்கு நேர் எதிர். அது ஒரு பெண் கட்டியது. கியூபாவின் ஹவானாவில் 1843இல் பிறந்த என்ரிகெட்டா, பருத்தி ஆலை அதிபர் ஜான் ரைலண்ட்ஸின் மூன்றாம் மனைவி. மான்செஸ்டரின் மிகப் பெரிய செல்வந்தராக இருந்த ரைலண்ட்ஸ் 1888இல் இறந்தபோது அந்தச் செல்வத்தின் பெரும்பகுதி என்ரிகெட்டாவிடம் வந்தது. மறு ஆண்டே நிலத்தை வாங்கினார். பாசில் சாம்ப்னீஸ் என்ற கட்டடக் கலைஞரை அழைத்து, கணவரின் நினைவாக ஒரு நூலகம் வேண்டும் என்றார். பத்தாண்டுகள் வேலை நடந்தது. கல்லின் நிறத்திலிருந்து மேசை விளிம்பு வரை ஒவ்வொன்றிலும் அவர் தலையிட்டார். 1892இல் ஸ்பென்சர் பிரபுவின் நூல் தொகுப்பு விற்பனைக்கு வந்தபோது, அது சிதறிவிடாமல் ஒன்றாகவே 2,10,000 பவுன் கொடுத்து வாங்கினார். குட்டன்பர்க் விவிலியமும், இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் அச்சிட்ட நூல்களும் அதில் அடங்கியவை. 1899 அக்டோபர் 6ஆம் நாள், தம் திருமண நாளன்று, நூலகத்தைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு நகரம் அவருக்குச் சிறப்புக் குடியுரிமை அளித்தது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் பெண் அவர்.

வெளியிலிருந்து பார்த்தால் சிவப்பு மணற்கல்லில் எழுந்த ஒரு தேவாலயம் போலிருக்கிறது. உள்ளே படிகளும் வளைவுகளும் குறைந்த வெளிச்சமும். தெருவின் இரைச்சல் எட்டாதிருக்க வாசிப்பு மண்டபத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ முப்பதடி உயரத்தில் அமைத்திருக்கிறார்கள். எரிவாயு விளக்கின் புகை நூலுக்குக் கேடு என்பதால், ஊரில் மின்சாரம் அரிதாக இருந்த அக்காலத்திலேயே நிலவறையில் மின்னாக்கி வைத்து மின்விளக்கு எரித்தார்கள். ஆலைப் புகை மண்டிய நகரக் காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பவும் ஏற்பாடு இருந்தது. கரையானுக்கும் மழைக்கசிவுக்கும் பயந்து பயந்து நூல்களை அலமாரி மாற்றி மாற்றி அடுக்கியவளுக்கு இந்த ஏற்பாடுகளைப் பற்றிப் படிக்கும்போது கண் கலங்கியது உண்மை. மண்டபத்தின் ஒரு கோடியில் ஜான் ரைலண்ட்ஸும் மறு கோடியில் என்ரிகெட்டாவும் வெள்ளைப் பளிங்கில் ஒருவரை ஒருவர் நோக்கியபடி நிற்கிறார்கள்.

அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பாப்பிரஸ் துண்டு, அதாவது கோரைத் தண்டிலிருந்து செய்த பழங்கால எழுதுதாளின் துண்டு, இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், 9 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. யோவான் நற்செய்தியில், இயேசுவைப் பிலாத்து விசாரிக்கும் பகுதியின் சில சொற்கள் கிரேக்க எழுத்தில் இருபுறமும் உள்ளன. பெரும்பாலும் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய ஏடுகளில் ஒன்று. எகிப்தில் 1920இல் வாங்கப்பட்டு வந்தது, யாரும் அடையாளம் காணாமல் கிடந்து, 1935இல்தான் சி. எச். ராபர்ட்ஸ் அதைப் படித்து வெளியிட்டார். ஓரங்கள் எலி கடித்த ஓலைபோல் இருக்கின்றன. எழுத்துகளோ ஒரு பள்ளி மாணவன் நிதானமாக எழுதியதுபோல் உருண்டையாக இருக்கின்றன. அந்தத் துண்டின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். அருகில், பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பையன் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடமும் என்னிடமும் வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இந்த அழகுக்குப் பின்னாலுள்ள பணத்தை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியாது. லங்காஷயர் ஆலைகள் பெருகிய காலத்தில் அவற்றுக்கு வந்த பஞ்சின் பெரும்பகுதி, அமெரிக்காவில் அடிமைகள் பயிரிட்டுப் பறித்தது. அந்த ஆலைத் துணி இந்தியச் சந்தைக்கு வந்து இறங்கியபோது தறியை விட்டு எழுந்து போன நெசவாளர்களின் பேரப்பிள்ளைகள் என் நூலகத்தில் உறுப்பினர்களாக இருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படிகளில் இறங்கினேன்.

நகர மன்றத்தையும் பார்க்க ஆசைப்பட்டேன். ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் கட்டி 1877இல் திறந்தது. ஊரின் வரலாற்றை ஃபோர்டு மேடக்ஸ் பிரவுன் 12 சுவரோவியங்களாக அதன் பெருமண்டபத்தில் தீட்டியிருக்கிறார். 2018 தொடக்கத்தில் பழுதுபார்ப்புக்காக மூடியது, நான் இருந்த மாதங்களிலும் திறக்கவில்லை.

கடைசியாகச் சென்றது செத்தம் நூலகம். விக்டோரியா ரயில் நிலையத்துக்கு அருகே, ஓர் இசைப் பள்ளியின் வளாகத்துக்குள் இருக்கிறது. கட்டடம் 1421இல் பக்கத்துத் தேவாலயத்தின் குருமார்கள் தங்குவதற்காக எழுந்தது. துணி வணிகத்திலும் வட்டித் தொழிலிலும் பணம் சேர்த்த ஹம்ப்ரி செத்தம், மணமாகாமல் வாழ்ந்து, 1653இல் இறக்கும்போது எழுதிவைத்த உயிலால் அங்கே 40 ஏழைச் சிறுவர்களுக்கான பள்ளியும் ஒரு நூலகமும் அமைந்தன. ஆங்கிலம் பேசும் நாடுகளில் மிகப் பழைய இலவசப் பொது நூலகம் அது. நூல் வாங்க 1,000 பவுன் ஒதுக்கிய அந்த மனிதர், நூலகரைப் பற்றி ஒரு நிபந்தனையையும் எழுதிவைத்தார்: நூலகத்துக்குள் வருகிற எவரிடமும் எதையும் கேட்கக் கூடாது. இன்றைக்கும் அங்கே படிக்க விரும்புகிறவர் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, கட்டணம் இல்லாமல் போய்ப் படிக்கலாம். என்னைப் போல் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வழிகாட்டியோடு செல்ல வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. பழைய கட்டடத்தைக் காப்பாற்ற அது தேவைதான். ஆயினும் அந்த உயிலைப் படித்தவளுக்குச் சிறிது வருத்தம்.

மாடியில் கருத்த ஓக் மரச் சட்டங்களுக்கிடையே நூல் அடுக்குகள் இரு பக்கமும் நீள்கின்றன. ஈரம் ஏறாமலிருக்கவே நூல்களை மாடியில் வைத்தார்களாம். ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு சிறு மரவாயில். தொடக்கத்தில் நூல்களைச் சங்கிலியிட்டுக் கட்டியிருந்தார்கள்; 18ஆம் நூற்றாண்டில் சங்கிலியை அகற்றிவிட்டு இந்த வாயில்களைப் போட்டுப் பூட்டினார்கள். வாசகர்களுக்கென்று அன்றைக்குச் செய்த 24 முக்காலிகள் போன்ற சிறு இருக்கைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் நடுவே எஸ் எழுத்துபோல் வளைந்த ஒரு துளை; அதில் விரல்களை நுழைத்து, வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் சென்று உட்காரலாம். மூன்றரை நூற்றாண்டு விரல்கள் பட்டு அந்த வளைவின் விளிம்பு கூழாங்கல்போல் வழவழப்பாகியிருக்கிறது.

வாசிப்பறையின் ஒரு மூலையில் சதுர மேசை ஒன்று, சாளர மாடத்துக்குள் இருக்கிறது. 1845 கோடையில் மார்க்ஸும் எங்கெல்சும் அங்கே உட்கார்ந்து பொருளாதார நூல்களைப் படித்தார்கள். 1870இல் எங்கெல்ஸ் மார்க்சுக்கு எழுதிய கடிதத்தில், அந்த மேசையில் மீண்டும் பல நாள் உட்கார்ந்திருந்ததைச் சொல்லி, வண்ணக் கண்ணாடிச் சாளரத்தால் அங்கே எப்போதும் வெயில் அடிக்கும் என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறார். பழைய நூலகரைப் பற்றியும் குறிப்பிட்டிருக்கிறார். நான் போன அன்றும் வெளியே மழைதான்.

அதே அறையில் கோர்ட்டன் பேழை என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். செத்தம் தம் உயிலில் ஐந்து தேவாலயங்களுக்கும் சிறு நூலகங்கள் அமைக்கப் பணம் விட்டிருந்தார்; கோர்ட்டன் ஊருக்குச் சென்றது இது. நம் ஊர் துணி பீரோ அளவுக்கு ஒரு மரப்பெட்டி. திறந்தால், நூல்கள் முதுகை உள்ளே காட்டி, தாள் விளிம்பை வெளியே காட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் அட்டையிலிருந்தும் ஓர் இரும்புச் சங்கிலி இறங்கி, தட்டின் குறுக்கே ஓடும் கம்பியில் கோக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப் படிக்கலாம், எடுத்துப் போக முடியாது. ரங்கநாதன் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பது அவற்றில் முதலாவது. அதை விளக்கும்போது சங்கிலியிட்ட நூல்களைத்தான் அவர் எடுத்துக்காட்டாகக் கூறுவார். படித்தபோது அது எங்கோ நடந்த பழங்கதையாகத் தோன்றியது.

அந்தச் சங்கிலிகளைப் பார்த்ததும் எனக்கு என் கிளை நூலகத்தின் கண்ணாடி பீரோ நினைவுக்கு வந்தது. எங்கள் பணியில் இருப்புச் சரிபார்ப்பின்போது ஒரு நூல் குறைந்தால் நூலகர்தான் பொறுப்பு; விலையைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும். கடைச்சரக்குபோல் மீண்டும் வாங்கிவிட முடியாத பழைய பதிப்புகள், கல்வெட்டுத் தொகுதிகள், கலைக்களஞ்சியங்கள் எல்லாவற்றையும் அந்த பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் கைப்பையில் வைத்திருந்தேன். கேட்டவர்களுக்குத் திறந்து கொடுத்தேன்தான். ஆனால் கேட்பதற்குத் துணிவு இல்லாதவர்கள் கண்ணாடி வழியாகப் பெயர்களைப் படித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் சிலருடைய முகங்கள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. வருகிறவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்று 1653இல் ஒரு வணிகர் எழுதிவைத்தார். நான் அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

அன்றிரவு, ஊரில் விடியும் நேரம் வரை காத்திருந்து, இப்போது என் இடத்தில் பணியாற்றும் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். நலம் விசாரித்துவிட்டு, அந்த பீரோவைப் பற்றிக் கேட்டேன்.

“அதைப் பூட்டறதே இல்லீங்கக்கா. கண்ணாடி உடைஞ்சு போச்சு, கதவைக் கழட்டி வெச்சாச்சு. போட்டித் தேர்வுக்குப் படிக்கற புள்ளைங்க எல்லாம் எடுத்துப் படிக்கறாங்க. மூணு புத்தகம் மட்டும் காணோமுங்க.”

எந்த மூன்று என்று கேட்டேன். அவள் பெயர்களைச் சொன்னாள். மூன்றின் சேர்க்கை எண்ணும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. பதிவேட்டில் எழுதியது என் கைதான்.